செல்வலட்சுமியின் பத்தியம்

எங்கள் படப்பை வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்த செல்வலட்சுமியை நான் வேவு பார்த்தேன். வீட்டுக்காரி செய்கிற வேலையா இது என்று கேட்பீர்கள். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பொய் சொல்கிறாள் என்று தோன்றிவிட்டால் எனக்குச் சும்மா இருக்க வராது.

அவளுக்கு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருந்தது. டாக்டரம்மா சொன்னபோது நானும் கூடத்தான் இருந்தேன்.

"உன் ரத்தத்துல ஏறுறது குழந்தைக்கும் போவும்மா. ஊதிப்போய்ப் பொறக்கும். பின்னால அதுக்கும் சர்க்கரை நோய் வர வாய்ப்பு ஜாஸ்தி. அது ஒடம்புக்குள்ள வெளிய தெரியாம ஒரு காந்தல் இருந்துகிட்டே இருக்கும். அதனால சர்க்கரையை அடியோட வுட்டுடு. சோத்தைக் கொறைச்சு, கீரை பயறு சேத்துக்கோ. ரெண்டு வாரத்துல எறங்கலன்னா ஊசிதான்."

ஊசிக்கு அவள் பயப்படவில்லை. தெற்கே திசையன்விளையில் இருக்கும் அவள் அம்மா சொர்ணம்மாளுக்கு இதே நோயில் கால் விரல்கள் போயிருந்தன. "எம்பிள்ளைக்கு அது வந்துரக் கூடாதுக்கா" என்று ஷேர் ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அன்று முதல் பத்தியமென்றால் அப்படியொரு பத்தியம். சோறு கைப்பிடி, மீதியெல்லாம் முருங்கைக்கீரை. அவள் புருஷன் மாரிமுத்து இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்த்தான். கேன்டீனில் ஜிலேபி போட்டால் முன்பெல்லாம் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவான். இப்போது வாசலிலேயே நின்று வாயைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், சர்க்கரை இன்னும் ஏறியிருக்கிறது! "சத்தியமா நான் சர்க்கரையத் தொடலம்மா" என்றாள் இவள். டாக்டரம்மா மாரிமுத்துவைப் பார்த்தார். மாரிமுத்து சுவரைப் பார்த்தான். நான் யாரையும் நம்பவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

மறுநாள் மாரிமுத்து கம்பெனி பஸ்ஸுக்குப் போனதும், கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அவள் அறைக்குள் நுழைந்தேன். எங்கள் தோட்டத்திலேயே கறிவேப்பிலை மரம் நிற்கிறது என்பது அவளுக்கும் தெரியும். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. என் கண் முன்னாலேயே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், டப்பாவிலிருந்து மூன்று ஸ்பூன் அள்ளிப் போட்டாள்.

"இன்னாடி இது?"

"டீக்கா. உங்களுக்கும் போடட்டா?"

"டப்பால இன்னா கீது?"

"சீனி."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்கோ?"

"சர்க்கரையத் தொடக் கூடாதுன்னாவ. நான் எங்கக்கா தொட்டேன்? வீட்லயே கெடையாது, பாருங்க." வரிசையாக எல்லா டப்பாக்களையும் திறந்து காட்டினாள்.

"அப்போ நீ போட்டது?"

"அதான் சீனின்னேம்லா. வெள்ளையாட்டு இருக்கு. சர்க்கரைன்னா பழுப்பால்லா இருக்கும், பொங்கல்ல போடுவோமே. எங்கம்மாவும் டீயில சீனிதான போடுதா."

ஒரே தமிழ்நாட்டுக்குள் இப்படியும் ஒரு கூத்தா! நாங்கள் சர்க்கரை என்பதைத்தான் அவர்கள் ஊரில் சீனி என்கிறார்கள். சோற்றைக் குறைத்ததில் பசி தாங்காமல் பொழுதுக்கும் டீயாகக் குடித்துத் தள்ளியிருக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. வயிற்றில் கையை வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தன நாளா நானேல்லாக்கா அதுக்கு ஊட்டிருக்கேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

டப்பாவை என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பசிக்கிற நேரத்துக்குச் சுண்டல் அவித்துக் கொடுத்தேன். மாரிமுத்துவுக்கும் சீனி போடாத டீதான். "இதக் குடிக்கதுக்கு ஓ.டி. பாத்துட்டு கம்பெனியிலயே படுத்துக்கிடலாம்" என்று புலம்புவான். ஆனால் குடித்துவிடுவான். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியது. ஊசி வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் அவள் பத்தியத்தை விடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது, அளவான எடையில். சொர்ணம்மாள் காலை இழுத்து இழுத்து நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அவர்கள் பக்கத்தில் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர் ஒருவர் இனிப்புத் தண்ணீரைத் தொட்டு வைக்க வேண்டும். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம்.

"நீங்களே வைங்க அத்தை" என்றான் மாரிமுத்து.

சொர்ணம்மாள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். "நான் வேண்டாம்யா. என்னைய மாரி வந்துரப்படாது."

செல்வலட்சுமி அந்தக் கையை வெளியே இழுத்தாள். இனிப்புத் தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு, தன் பாலில் ஒரு சொட்டை அம்மாவின் விரல் நுனியில் தடவினாள்.

"உன்னைய மாரியே வரட்டும்மா. சீக்கைத்தான் வேண்டாம்னேன். உன்னையவா வேண்டாம்னேன்?"

சொர்ணம்மாள் அழுதுகொண்டே விரலை வைத்தார். குழந்தை அதை விடவில்லை.