பெனெஹாஃபோ அச்சிட்ட மழை

பெனெஹாஃபோ அச்சடித்த மழை முதன்முதலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தாளை அட்டையிலிருந்து உரிக்கும்போதே, அவளுடைய செருப்பை நனைத்தது. நகரத்தின் கட்டுட்டுரா பேட்டையில் இருக்கும் அச்சுக்கூடத்தில் அப்போது ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் பார்த்தார்கள். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை.

அவள் அச்சுக்கட்டையாக்கிய அந்த அட்டை, பால் பெட்டி ஒன்றின் அடிப்பாகம். வடக்கே ஒண்டாங்குவாவுக்கு அப்பால் இருக்கும் அம்மாவின் வீட்டை அதில் ஒட்டியிருந்தாள்: மணல் தூவி முற்றம், கம்பு உமியால் வயல், சணல் நூலால் மாட்டுப்பட்டி, கசக்கிய தாளால் மேகம், மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். அங்கே மழை பொய்த்து மூன்று வருடம். ஆறு மாடுகளில் இரண்டு சாய்ந்துவிட்டன. பழுப்பு மை தேய்த்து அச்செடுத்தபோது கூடத்துக்குள் புழுதி கிளம்பி எல்லோரும் தும்மினார்கள். பச்சை மைக்கு, சந்தையிலிருந்து ஓர் ஆடு நேரே உள்ளே வந்து தாளைத் தின்றுவிட்டுப் போனது. நீல மைக்குத்தான் செருப்பு நனைந்தது. அடுத்த நிமிடமே அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏண்டி, இங்க நாலு துளி விழுந்துச்சு. புழுதிகூட அடங்கல. யாரு பண்ற வேலை இது?"

பெனெஹாஃபோவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அட்டை களைத்துவிட்டது. நூல் பிரிந்து, மேகம் ஓரத்தில் எழும்பி நின்றது. இன்னும் ஒரே தடவைதான் அது உருளையின் அழுத்தத்தைத் தாங்கும். எந்த மை?

"நீலந்தான் மெமே, இன்னும் அழுத்தமா அப்பு" என்றான் உருளை சுற்றும் ஹோசேயா. மூத்த பெண்களை அங்கே மெமே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எங்க ஊர்ல நல்ல மழை என்னிக்குடா நீலமா வந்திருக்கு? கருகருன்னு வரும்."

"கறுப்பு கெட்டி மை. மேகத்தையே பிச்சுக்கிட்டு வந்துடும். அப்புறம் எங்கிட்ட வந்து அழாத!"

"எண்ணெய் எதுக்கு இருக்கு? வாயை மூடிக்கிட்டு உருளையச் சுத்து."

கறுப்பில் ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கத்தியிலிருந்து கூழ்போல வழியும்வரை குழைத்தாள். அட்டை முழுக்கத் தேய்த்து, முற்றத்தையும் வயலையும் வலைத்துணியால் துடைத்தாள். மேகத்தை மட்டும் துடைக்கவில்லை. ஈரத்தாளை விரித்தாள். ஹோசேயா சுற்றினான். அட்டை இரண்டாகப் பிளந்தது. தாளைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்; அவ்வளவு தண்ணீர்.

வடக்கே நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் அம்மா கூப்பிட்டு அழுதாள், சிரித்தாள்.

"பெனே! வயலெல்லாம் வெள்ளம்! மீன் வந்துடுச்சுடி, மீன்! ஆமா, என் வாசல் எங்கடி போச்சு?"

சூரியன் உதிக்கும் பக்கம் இருந்த வாசல், மறையும் பக்கம் போயிருந்தது. அடுக்களையும் மாட்டுப்பட்டியும் இடம் மாறியிருந்தன. பெனெஹாஃபோ தலையில் அடித்துக்கொண்டாள். அச்சில் இடம் வலமாகும், வலம் இடமாகும். ஏழு வருடம் இதே வேலை பார்த்தும் அம்மா வீட்டை நேராகவே ஒட்டித் தொலைத்திருந்தாள். ஹோசேயா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அட்டை போய்விட்டதால் திருத்த வழியில்லை. நான்கு மாடுகளும் மறுநாளே புது வாசலுக்குப் பழகிவிட்டன. அக்கம்பக்கத்தார் மட்டும் இன்றும் மீன் கூடையோடு பழைய பக்கம் வந்து, வாசல் இருந்த இடத்து வேலியைப் பார்த்துக் கொஞ்சம் நின்று, சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.