இல்லை என்ற சத்தம்

றொசானா உதடுகளை உள்ளே மடித்து இறுக்கியபடி அமர்ந்திருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்தில் தகப்பன் கிறகரி. நகருக்கு வெளியே புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலை முடித்த கையோடு, பனிக்காகத் தெருவில் தூவிய உப்பின் கறை சப்பாத்தில் படிந்தபடி வந்திருந்தார். எதிரே பிரெஞ்சு ஆசிரியை மதாம் லவுவா. நடுவில் துணை அதிபர் கௌசி. தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான். றொசானா வில்லரே பகுதியிலுள்ள இந்தப் பள்ளிக்கூடத்தில் தொடர்வதா, அல்லது நகரின் மறுகோடியில், அடங்காத பிள்ளைகளுக்கென்று இருக்கும் இடத்துக்குப் போவதா. வகுப்பிலிருந்து அவளை மூன்றாம் தடவையாக வெளியே அனுப்பியிருந்தார்கள். கௌசி சொல்வதைத்தான் அதிபர் செய்வார்.

குற்றம் ஒரு சத்தம். ஹெய்ட்டிப் பிள்ளைகள் பற்களுக்கிடையில் காற்றை இழுத்து எழுப்பும் சத்தத்தை அந்தப் பள்ளிக்கூடம் அவமரியாதை என்று வைத்திருந்தது. றொசானா வாயால் செய்ததையும் அதிலேயே சேர்த்துவிட்டார்கள். கேள்வி கேட்டால் அப்படிச் செய்கிறாள் என்றார் மதாம். எப்படி என்று செய்துகாட்ட அவருக்குக் கூச்சமாக இருந்தது. கோபம் இல்லை. களைத்து, உண்மையிலேயே மனம் நொந்து சொன்னார்.

வெளியே அனுப்பப்படும் பிள்ளைகளுக்கான அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. முன்பு விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைத்த இடம். ஜன்னல் கிடையாது, தரையில் தடித்த கம்பளம். செப்டம்பரில் இங்கே வேலைக்கு வந்த புதிதில் கௌசி அதைக் காலி அறை என்றே நினைத்திருந்தாள். ஒருநாள் கதவின் ஒடுங்கிய கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தபோதுதான் உள்ளே பிள்ளைகள் இருப்பது தெரிந்தது. ஒரு கதிரைகூட அசையவில்லை. எல்லாரும் ஒரே சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். அதன்பிறகு தினமும் போய்ப் பார்த்தாள். பிள்ளைகள் மாறினார்கள், அறை மாறவில்லை. வகுப்புகளில் எல்லா நிறத்திலும் தலைகள் இருந்தன. அந்தக் கண்ணாடிக்குள் மட்டும் எப்போதும் கறுத்த தலைகள். யாரோ பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுக்கிறார்கள் என்று முதலில் சந்தேகித்தாள். விசாரித்துப் பார்த்தாள். யாரும் தெரிந்தெடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

போன கிழமை மதாமின் வகுப்பில் பின்வரிசையில் போய் இருந்தாள். பெலிக்ஸ் என்ற வெள்ளைக்காரப் பையன் பேனா எழுதவில்லையென்று நாக்கால் சத்தமாகச் சொடுக்கினான். சற்றுப் பொறுத்து மறுபடியும். மதாம் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தார். அதில் பாசாங்கு இல்லை. அவருக்குக் கேட்கவேயில்லை. தலைமுடிக்கு வெளியே தெரிந்த அவருடைய காதின் வெளிறிய பின்பக்கத்தைக் கௌசி மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் கிறகரியிடம் தமிழில் கேட்டாள். "வீட்டில எப்பிடி, அண்ணை?"

"வீட்டில சத்தமே இல்லை, மிஸ். எங்கட மன்னார்க் கழுதைகூடக் கூப்பிட்டா ஏதும் சொல்லும். இவள் சோறு வேணுமோ எண்டாலும் தலையைத்தான் ஆட்டுறாள்." சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நித்திரையிலயும் வாயைக் கையால பொத்திக்கொண்டு படுக்கிறாள்."

கௌசி அதை மதாமுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். பிறகு கிறகரியிடம் திரும்பிக் கேட்டாள்.

"ஆரையும் எதிர்த்துக் கதைக்கிறவளோ?"

"ம்ச்," என்றார் கிறகரி.

மதாமின் பேனா நின்றது. கிறகரியைப் பார்த்தார், பிறகு கௌசியைப் பார்த்தார். "வுவாலா," என்றார் மெல்ல, இதோ பார்த்தீர்களா என்பதுபோல.

ஏதோ நடந்துவிட்டது என்பது மட்டும் கிறகரிக்கு விளங்கியது. "என்ன மிஸ்? இல்லை எண்டுதானே சொன்னனான்?"

றொசானா கண்களை மூடிக்கொண்டாள்.

கௌசி கனடாவுக்கு வந்தபோது நான்கு வயது. அந்தச் சத்தம் எப்போது தன் வாயை விட்டுப் போனது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இப்போது மூடிய வாய்க்குள் நாக்கு தானாக எழும்பி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுத்துப் பேச வேண்டியிருந்தது. நாங்கள் 'இல்லை' என்று சொல்வது இப்படித்தான் என்று பிரெஞ்சில் விளக்கினாள்.

மதாமின் முகம் சிவந்தது. அப்படியென்றால் றொசானா மேல் குற்றமில்லை, தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்துவிடலாம் என்றார். நல்ல மனதோடு சொன்னார். கௌசிக்கும் ஒரு கணம் அதுவே போதும்போலப் பட்டது. ஆனால் வென்ஸ்லி என்ற ஹெய்ட்டிப் பையன் ஒரு சத்தத்துக்காக அந்த நேரமும் கடைசி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றிக் கேட்டாள். அவனுடையது வேறு, அது வேண்டுமென்றே செய்வது என்றார் மதாம். அப்படியென்றால் பெலிக்ஸ் எழுப்பிய சத்தம் என்று கேட்டாள் கௌசி.

"எந்தச் சத்தம்?" மதாம் உண்மையாகவே கேட்டார்.

றொசானா எங்கும் போகமாட்டாள் என்றாள் கௌசி. இனிமேல் ஒரு சத்தத்துக்காக யாரையும் வெளியே அனுப்ப முடியாது. அனுப்புவதென்றால் ஆசிரியர் முதலில் தன்னிடம் வர வேண்டும். என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளையிடமும் தான் கேட்பாள். பெலிக்ஸ் என்றாலும் அனுப்பியிருப்பீர்களா என்று ஆசிரியரிடமும் கேட்பாள். மதாம் பேனாவை மூடினார். நாளைக்கு ஆசிரியர்களின் ஓய்வறையில் தனக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருக்கும் என்று கௌசிக்குத் தெரிந்தது. இந்தப் புதிய விதிக்கு அதிபர் என்ன சொல்வார் என்பது தெரியவில்லை.

நால்வரும் நடைபாதையின் கடைசிக்குப் போனார்கள். கௌசி கதவை முழுதாகத் திறந்துவிட்டு, வகுப்புக்குப் போகலாம் என்றாள். வென்ஸ்லியும் மற்றவர்களும் சுவரைப் பார்த்தபடியே இருந்தார்கள். தண்டனை முடிந்துவிட்டது என்று மீண்டும் சொன்னாள். ஒரு தலைகூட அசையவில்லை. கதவைப் பிடித்திருந்த அவளுடைய கையின் கீழால் குனிந்து, றொசானா உள்ளே போனாள். காலியாக இருந்த கதிரையில் அமர்ந்து, அவளும் சுவரைப் பார்த்தாள்.

"பிள்ளை, வா," என்றார் கிறகரி. வாசலைத் தாண்டத் தயங்கி, சப்பாத்தைக் கழற்றுவதா என்று குனிந்து பார்த்தார்.

மணி அடித்தது. அவர்களுக்குப் பின்னால் நடைபாதை பிள்ளைகளால் நிறைந்து இரைந்தது. அந்த இரைச்சல் வாசல் வரைக்கும் வந்து, கம்பளத்தின் விளிம்பில் நின்றது. கதவு திறந்தபடி இருந்தது. உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.