ஹெட்போனுக்குள் ஓர் இரைச்சல்

என் வீட்டுக்காரர் கலையரசன் முப்பது வருடம் போர்வெல் ரிக் ஓட்டியவர். ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஊர் ஊராகப் பாறையைத் துளைத்துவிட்டு, போன வருடம் வண்டியை விற்றுவிட்டுத் திருச்செங்கோட்டு வீட்டில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த மனுசர் சும்மா உட்காரவில்லை. ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினார்.

அதை வீட்டில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டிவிட்டு, ஏதோ கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டார். ஊசியை வைத்தார். கொசு ரீங்காரம் போலச் சன்னமாக ஒரு பாட்டு வந்தது. "இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்? என்ற போன்லயே இதைவிட எச்சாக் கேக்குமுங்க" என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், அதை இந்த வயதில் என்ன செய்ய?

மறுநாள் சேலத்துக்குக் கிளம்பினார். அம்மாபேட்டையில் ஒரு பட்டுச்சேலை பார்க்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். அங்கே கிறிஸ்துராஜ் என்பவர் ஆடியோ சாமான் கடை வைத்திருக்கிறார். விவரத்தைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாம மாட்டிட்டீங்க சார். ஊசியில இருந்து வர்ற கரண்டு ரொம்ப ரொம்பக் கம்மி. அதோட, ரெக்கார்டு வெட்டும்போதே கனத்த சத்தத்தக் கொறச்சு, கீச்சுச் சத்தத்தத் தூக்கி வெச்சுத்தான் வெட்டுவாங்க. அதத் திருப்பி நேர் பண்ணணும். ரெண்டு வேலையையும் இந்தப் பெட்டிதான் செய்யும்" என்று மேசைமேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

இவர் கை நேராகப் பெரிய பெட்டிக்குப் போனது. ரிக்காரர்களுக்கு வண்டியில் கம்ப்ரஸர் பெரிதாக இருந்தால்தான் மனசு ஆறும். கிறிஸ்துராஜ் சிரித்துவிட்டு, "அது வேற ஜாதி ஊசிக்குங்க. உங்க பிளேயர்ல இருக்கறது சாதாரண மேக்னட் ஊசி. அதுக்கு இந்தச் சின்னதே தாராளம். இதுல ஹெட்போன் மாட்டவும் எடம் இருக்கு" என்றார். எங்கள் பக்கத்துக் கட்டடம் தறிக்குடோன். பகல் ராத்திரி என்று பார்க்காமல் தறி ஓடும். ஹெட்போன் என்றதும் இவர் சின்னப் பெட்டிக்கே சம்மதித்து, ஒரு ஹெட்போனும் வாங்கிக்கொண்டார். ஆள் அனுப்பி மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "முப்பது வருசம் ரிக்கு ஓட்டுனவனுக்கு நாலு ஒயர் கட்டத் தெரியாதுங்களா?" என்று பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு முழுப் பகல் ஒயர் கட்டினார். அதற்கப்புறம் பாட்டு கணீரென்று வந்தது என்று அவரே சொன்னார். நான் போய்க் கேட்கவில்லை. ஹெட்போனை மாட்டினால் தலைமுடி கலையும் என்று ஒரு சாக்கு. உண்மையில், முதல் நாள் கேலி செய்துவிட்டு இப்போது போய் ஆசையாக உட்கார எனக்கு வீம்பு.

கொஞ்ச நாளில் இவர் ஆள் மாறிப் போனார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றாலும் கம்மென்று சாப்பிட்டார். பெங்களூரில் இருக்கிற மகள் மோகனப்பிரியா போன் செய்தால், "உங்கம்மாகிட்டப் பேசு சாமி" என்று என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். கூப்பிட்டால் திடுக்கிட்டுப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் ஊர ஆரம்பித்தது. ஏனென்றால் இவருடைய அண்ணன் காளியண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

அவரும் ரிக் ஓட்டியவர்தான். முதலில் காதில் இரைச்சல் என்றார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிறார். ஒரம்பரை, சொந்தபந்தம் கூடுகிற இடத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். நாலு பேர் சிரித்தால், என்ன ஏது என்று தெரியாமலே அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு மத்தியானம் மோர் கொண்டுபோய்க் கொடுக்க முன் அறைக்குப் போனேன். இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிளேயர் தட்டில் ரெக்கார்டே இல்லை. தட்டு சுற்றவும் இல்லை. பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. மோரை மேசைமேல் வைத்துவிட்டுக் கிட்டே போனேன்.

தோளைத் தட்டி, "பாட்டே ஓடலையே, என்னத்தைக் கேக்கறீங்க?" என்றேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பொய் சொல்ல நினைத்த மாதிரி இருந்தது. பிறகு, "எரைச்சல் நின்னுருச்சான்னு பாத்தேன் புள்ள. நிக்கல" என்றார்.

"என்ன எரைச்சல்?"

"ஒம்முன்னு. வெளியில இருந்தாத் தறிச்சத்தத்துல தெரியறதில்ல. இத மாட்டிக் காத அடச்சுட்டுக் கம்முனு உக்காந்தா வந்துருது. அண்ணனுக்கும் மொதல்ல இப்படித்தான். ராத்திரி படுத்தாலும் கேக்கற மாதிரியே இருக்குது." ராத்திரியில் கேட்டது எங்கள் ஓட்டை ஃபேன். பயந்த மனுசர் அதையும் காதுக் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

"டாக்டரப் பாக்கறதுக்கு என்னங்க?"

"பாத்தா ஆமான்னு சொல்லிப்போடுவாரே."

எனக்கு அழுகை வர வேண்டிய இடம். வந்ததென்னவோ கோபம். இத்தனை நாள் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, இதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறார். "எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலையா உங்களுக்கு? இந்த எழவை மாட்டி மாட்டித்தான் காது போகுது" என்று ஹெட்போனைப் பிடுங்கினேன். தூக்கி எறியத்தான் பிடுங்கினேன். விலை ஞாபகம் வந்து, எறியாமல் என் தலையில் மாட்டினேன்.

ஒம்மென்று கேட்டது.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? எனக்கும் காது போய்விட்டது என்றுதான். "ஐயோ, எனக்கும் கேக்குதுங்க!" என்று கத்தினேன். அவர் என்னையே வெறித்தார். கழற்றினேன், சத்தம் இல்லை. மாட்டினேன், இருந்தது. அவர் மெதுவாக, "நெசமாவா? எனக்காவச் சொல்றயா?" என்றார். உங்களுக்காகப் பொய் சொல்கிற ஆளா நான் என்று கேட்டேன். அது நல்ல அத்தாட்சிதான், இருந்தும் அவர் நம்பவில்லை. "உனக்குக் கேக்கறது மெஷின்ல இருக்கலாம். எனக்குக் கேக்கறது காதுல இருந்தா?" என்றார். பயம் பிடித்தவரிடம் என்ன பேசி ஜெயிப்பது?

மேல் தொட்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஹெட்போனைத் தலையில் வைத்தபடியே கை நீட்டிச் சுவரில் இருந்த போர் மோட்டார் ஸ்விட்சைப் போட்டேன். ஒம் என்று இருந்த சத்தம் கர்ரென்று எகிறியது. அணைத்தேன். அடங்கியது. மறுபடி போட்டேன். எகிறியது. ஹெட்போனை அவர் தலையில் அமுக்கி வைத்து, போட்டுப் போட்டு அணைத்தேன்.

"ஏனுங்க, உங்க காதுக்குள்ள என்ன போர் மோட்டாரா ஓடுது?"

அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே கிறிஸ்துராஜுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் நிதானமாகக் கேட்டார். அடாப்டரை வேறு பிளக்கில் மாற்றச் சொன்னார். மாற்றினோம், போகவில்லை. சிவப்பு வெள்ளை ஒயர்களைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொன்னார். அதற்கும் போகவில்லை. இவர் தோள் மறுபடி தொங்கியது.

"சார், பிளேயர்ல இருந்து மெல்லிசா ஒரு கருப்பு ஒயர் வருமே. அத எங்க கட்டியிருக்கீங்க?"

"அதுங்களா? அது எர்த்து. கொல்லையில போர் கேசிங் பைப்புல கட்டிட்டேன்" என்றார் இவர்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கிறிஸ்துராஜுக்கும் காது போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "கேசிங் பைப்புலயா!" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் கேட்க வேண்டியதே இல்லை. ஃப்ரிட்ஜா, கிரைண்டரா, எதற்கு எர்த் எடுத்தாலும் போர் குழிக்குள் இறக்கிய கேசிங் பைப்பில்தான் சுற்றுவார்கள். பாதாளம் வரை போகிற இரும்பை விட நல்ல எர்த் உலகத்தில் கிடையாது என்பது ரிக்காரர்களின் நம்பிக்கை. இவர் அந்த நூல் போன்ற ஒயரோடு இன்னொரு நீள ஒயரைச் சேர்த்து, ஜன்னல் வழியாக விட்டு, கொல்லை வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒயர் போவதை நானும் தினம் பார்த்திருக்கிறேன். துணி காயப்போட ஆகுமா என்று மட்டும்தான் யோசித்தேன்.

"பெட்டிக்குப் பின்னாடி சின்னதா ஒரு திருகு இருக்கும் பாருங்க. அந்த ஒயர் அதுக்குத்தான். வெளியில கொண்டுபோயி இன்னொரு எர்த்துல கட்டினா, ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஓடுற கரண்டெல்லாம் உங்க பாட்டுக்குள்ள வந்துரும். மோட்டார் ஓடுனா இன்னும் ஜாஸ்தி வரும்."

"இத்தனூண்டு திருகுலயா எர்த்து?" என்று முனகிக்கொண்டே இவர் கொல்லைக்கு ஓடினார். ஒயரை அறுத்துச் சுருட்டிக்கொண்டு வந்து, கருப்பு ஒயரின் நுனியைத் திருகுக்குள் விட்டு முறுக்கினார். அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு தரம் வழுக்கியது.

பெட்டியைப் போட்டார். ரெக்கார்டு வைக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினார். கண்ணை மூடினார். நான் மோட்டாரையும் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு, வேண்டாத சாமி எல்லாவற்றையும் வேண்டினேன். இப்போதும் அவருக்கு ஒம்மென்று கேட்டால் அது காது. அதற்கு எந்தத் திருகும் இல்லை.

அவர் வெகுநேரம் அசையவில்லை. மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் இறங்கி மீசைக்கு வந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. "கேக்குதுங்களா?" என்று சைகையில் கேட்டேன்.

"ஒண்ணுமே கேக்கல புள்ள" என்றார். "ஒண்ணுமே இல்ல. அமைதியா இருக்குது."

போனில் கிறிஸ்துராஜ் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்லி வைத்தேன். இவர் ஒரு ரெக்கார்டைத் துடைத்துப் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்தார். எப்படியும் காதை ஒருமுறை டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும் என்றேன். "காட்டலாம், நாளைக்கே போலாம் வா" என்றார். பயம் போனால் மனுசர்கள் எவ்வளவு சுலபமாகப் பேசுகிறார்கள்!

நான் சமையலறைக்கு வந்தேன். அதுவரை எங்கே இருந்ததோ தெரியவில்லை, மொத்தமாகப் பொங்கி வந்தது. அவருக்குத் தெரியக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்று, முந்தானையை வாயில் அமுக்கி அழுதேன். பக்கத்தில் தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

ரெக்கார்டைத் திருப்பிப் போட எழுந்தவர், ஹெட்போனைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"எதுக்குப் புள்ள அழுவற?"

"ஆரு அழுதா? நீங்க முன் ரூம்புல இருந்துட்டு என்னத்தக் கண்டீங்க?"

"கண்ணால காங்கல. காதுல கேட்டுச்சு" என்றார்.

நான் குழாயை மூடிவிட்டு, வாய்விட்டு அழுதேன்.