கிடாவின் முட்டி

நாளை பக்ரீத். நொண்டும் ஆடு குர்பானிக்கு ஆகாது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடி மவுத்தாகும் முன் தன் கையால் பால் புகட்டி, "இது குர்பானிக்கு" என்று நேர்ந்து நிய்யத்து வைத்த கிடா, சாரம் ஊரில் எங்கள் வீட்டு வாசலில் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாடிப்படியில் வழுக்கிய கால்.

நானும் மகன் யாகூபும் சும்மா இருந்தோமா? பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த முட்டியில் எண்ணெய் தேய்த்து, இழுத்து நீவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம்.

மாட்டு டாக்டர் நிர்மலா வந்ததும் சிரித்துவிட்டார்.

"என்னம்மா, கணுக்கால்ல போய் கட்டு போட்டிருக்கீங்க?"

"அது முட்டிதானேம்மா?"

"ஆட்டுக்கு முட்டி இங்க இருக்கு."

வயிற்றை ஒட்டிய தொடைப் பக்கம் என் கையை வைத்துக் காட்டினார். தோலுக்கடியில் முட்டிச் சில்லு ஒதுங்கிக் கிடந்தது. காலை நீட்டி அதை உள்ளே தள்ளினார். விட்டதும் நழுவியது. மறுபடியும் தள்ளினார், மறுபடியும் நழுவியது. அவர் சிரிப்பு போய்விட்டது.

"நீங்க இழுத்து நீவுனதுல, சில்லைப் பிடிச்சிருக்கிற நாரும் கிழிஞ்சிருக்கும்மா."

"நாளைக்குள்ள கால ஊனணும்மா! ஒரு ஊசி போட்டு வுடு!"

"வலி கொறையும். நொண்டல் போவாது."

"வேற கெடா வாங்கிக்கலாம்மா," என்றான் யாகூப்.

"உங்க அத்தா வேற கெடாவையாடா காட்டிட்டுப் போனாரு?"

என் குரல் கேட்டு, கிடா எப்போதும்போல என்னிடம் வரப் பார்த்தது. அந்தக் காலை ஊன்றியதும் மடங்கி விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வீண் கட்டை அவிழ்க்கப் பார்த்தேன். நான் இறுக்கிப் போட்ட முடிச்சு, என் கைக்கே வரவில்லை.