வால்மூரே கான்தோனின் ஏழாவது நாற்காலி

லியோந்தின் வீட்டுச் சேவல் அனாத்தோலை வாசலிலேயே மறித்துவிட்டது. வால்மூரே கான்தோன் என்ற வட்டாரத்தின் ஏழு ஊர்களிலும், அதாவது கொம்யூன்களிலும், நாற்பது வருடம் தபால் சுமந்து, ஏழு கொம்யூன் நாய்களிடமும் கடி வாங்கியவர், ஒரு சேவலுக்குப் பயந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"உள்ள வாய்யா. கிளோவிஸ் வளத்த சேவல், சும்மா மெரட்டும். அவரு மாதிரியேதான்."

லியோந்தினின் கணவர் கிளோவிஸ் பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ரூவேர் கொம்யூனிலிருந்து பட்டாளத்துத் தோழர்களின் வருடாந்தர விருந்துக்கு வர மிஞ்சியிருந்த கடைசி ஆள்.

ஐம்பத்தெட்டாம் வருடம் பட்டாளத்துக்கு ஆளெடுக்க, கான்தோனின் இளவட்டங்கள் அத்தனை பேரையும் மேயர்கள் முன்னால் பிறந்தமேனியாக நிறுத்தினார்கள். அன்று குளிரில் அவர்கள் பல் அடித்த தாளம் பாரீஸ்வரை கேட்டதாம். தேறியவர்கள் 'பெண்களுக்கும் தகுதியானவன்' என்று எழுதிய காகிதப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு மூன்று நாள் குடித்துவிட்டு, ஒரு சத்தியம் செய்தார்கள். வருடத்தில் ஒரு ஞாயிறு மதியம் கூடிச் சாப்பிடுவது. ஏழு கொம்யூனில் ஒன்றுக்கு ஆளில்லாமல் போனாலும் அன்றோடு விருந்துக்கு முழுக்கு. அறுபத்திரண்டு பேர் இப்போது எட்டுப் பேர்.

இந்த வசந்தத்தில் அரசாங்கம் ஒரு கோடு போட்டு வால்மூரே கான்தோனையே அழித்து, பக்கத்துப் பெரிய கான்தோனோடு சேர்த்துவிட்டது. அனாத்தோலுக்கு மிஞ்சியது அந்த விருந்து மேசைதான். அதுவும் கலைந்தால், தான் மழையிலும் பனியிலும் சைக்கிள் மிதித்தது எந்த ஊருக்காக என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

"ரூவேருக்காக நீதான் வந்து உக்காரணும், லியோந்தின்."

"துணியக் கழட்டச் சொல்ல மாட்டீங்களே?"

"அய்யய்யோ!"

"அன்னிக்குப் பள்ளிக்கூட ஜன்னல் வழியா பொண்ணுங்க நாங்க எல்லாத்தையும் பாத்தோம்யா. உன்னப் பாத்தப்புறந்தான் கிளோவிஸே போதும்னு முடிவு பண்ணேன்."

ஞாயிறன்று விடுதியில் கன்றுத் தலைக்கறியில் ஆவி பறந்தது. வழக்கப்படி எல்லோரும் நின்றுகொண்டிருக்க, அனாத்தோல் ஒவ்வொரு கொம்யூனாகக் கூப்பிட்டார்.

"மோன்ழுவால்!"

"இருக்கேன்" என்றார் எதுவார்.

"நானும் இருக்கேன்" என்று லியோந்தின் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"ரூவேர்!"

லியோந்தின் எதுவாரின் பக்கத்திலிருந்து நகரவில்லை.

"லியோந்தின், ஒன்னத்தான்!"

"நான் மோன்ழுவால்ல பொறந்தவ."

"அம்பது வருஷமா ரூவேர் தண்ணி குடிச்சிருக்கியே!"

"குடிச்சா? கிளோவிஸ் சாகுறவரைக்கும் என்ன 'மோன்ழுவால்காரி'ன்னுதான் கூப்பிட்டாரு."

அவர் பிறந்த ஊர் எது என்பது ஏழு கொம்யூனுக்கும் தெரிந்த சங்கதி. மேசையை எப்படியாவது காப்பாற்றும் அவசரத்தில் தபால்காரருக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

"பாத்தியா, எங்க ஊர் ரத்தம்!" என்று எதுவார் குதித்தார். "ரத்தமா? எங்க ஊர் மாதா கோயில் மணியத் திருடுன ரத்தம்!" என்று யாரோ கத்த, அறுபது வருடத்துச் சண்டைகளெல்லாம் எழுந்து உட்கார்ந்தன. விடுதிக் கூரை ஒரு முழம் மேலே போய் இறங்கியது. ஊன்றுகோல்கள் உயர்ந்தன. இந்தக் கூச்சலைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று! ஆனாலும் ரூவேரின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

லியோந்தின் அந்த நாற்காலியைக் கரகரவென்று இழுத்து மோன்ழுவால் நாற்காலியோடு ஒட்டவைத்தார். பிறந்த வீட்டுக்குப் பாதி, புகுந்த வீட்டுக்குப் பாதி என்று இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் ஒரு துண்டுக் கறியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கூச்சல் அடங்கியது. எட்டுக் கிழவர்களும் நின்றபடியே இருந்தார்கள். அனாத்தோல் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டார்.

"ரூவேர்!"

மென்றுகொண்டே, லியோந்தின் முள்கரண்டி பிடித்த கையை மெல்லத் தூக்கினார்.