நாணலில் ஒரு சாளரம்

இளவேனில் முதிர்ந்து கடுவெயிலுக்கு வழிவிடும் நாளொன்றின் புலர்பொழுதில், பரந்து கிடந்த நீர்நிலத்தின்மேல் படிந்திருந்த பனிமூட்டம் மெல்ல விலக, ஆம்பல் இலைகளில் தவளைகள் ஏறி அமர, தாழப் பறந்த தும்பிகளின் சிறகுகளில் முதலொளி பட்டு மின்ன, நாணற்காடு முழுவதும் பறவைக்குரலால் நிறைந்தது. குஞ்சு பொரிக்கும் பருவத்தின் அந்த ஆரவாரத்தை ஒருமுறையேனும் கேட்டவர்க்கு, நயமறிந்தவரே, நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அப்பறவைப் புகலிடத்தின் காவலர் செவி, அத்தனை குரல்களுக்கிடையே ஒரு நீர்க்கோழியின் குரலை மட்டுமே தேடிற்று. அது கேட்கவில்லை.

அவர் மனைவி கொடுநோயினின்று பிழைத்தும் நடை மீளாதவளாய், கரையோரக் குடியிருப்பில் கட்டிலோடு கிடந்தாள். சுவரையே வெறித்துப் பேச்சற்றுக் கிடந்தவள், ஒருநாள் வெளியே எழுந்த குரலைக் கேட்டு, அந்த நீர்க்கோழி எங்கே கூடு கட்டியிருக்கிறது என்று வினவினாள். நெடுநாளுக்குப் பின் அவள் வாய்திறந்து கேட்ட கேள்வி அது. நாணலில் ஒரு தாளை ஒடித்தாலும் வந்தவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் அம்மனிதர், அன்று மாலையே தாம் அரிவாள் எடுத்துச் சென்று, அவள் சாளரத்துக்கும் கூட்டுக்கும் இடையே நின்ற நாணலை நேர்கோடாய் அரிந்துவிட்டார். கட்டிலைத் திருப்பிப் போட்டதும் கூடு கண்ணெதிரே தெரிந்தது. சேவல் கொணர்ந்த புல்லைப் பெட்டை கூட்டினின்று வெளியே எறிந்ததைக் கண்டு, "உங்கள மாதிரியேதான், சொன்னத விட்டுட்டு மத்ததெல்லாம் கொண்டு வருது" என்று அவள் சிரித்தாள். அச்சிரிப்புக்காக அவர் அக்காடு முழுவதையும் அரிந்திருப்பார்.

இப்போதோ முழங்காலளவு நீரில் இறங்கிக் கூட்டை அடைந்தவர், உடைந்த ஓடுகளையும் பருந்தின் இறகொன்றையும் கண்டு நின்றார். தாம் திறந்த வழி மேலே வட்டமிடும் பருந்துக்கும் திறந்தே இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதை அறிந்தால் அவள் மீண்டும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாளே என்று அஞ்சினார். ஓடுகளைச் சேற்றில் அமிழ்த்தி, இறகை நீரில் விட்டு, வீடு திரும்பி, குஞ்சுகள் பொரிந்து தாயோடு அடர்ந்த பக்கம் நீந்திப் போய்விட்டன என்று முகம் மலரச் சொன்னார்.

அவள் அவருடைய நனைந்த காலையே சிறிது நேரம் நோக்கியிருந்தாள்.

"நேத்து சாயங்காலமே நான் பாத்துட்டேங்க. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல."

அவர் கட்டிலோரம் அமர்ந்து, கூசாமல் அழுதார். இருவரும் அன்று உண்ணவில்லை.

வளர்பிறை முதிர்ந்தபோது, கண்ணுக்கெட்டாத அடர்நாணலினுள்ளிருந்து அக்குரல் மீண்டும் எழுந்தது. கட்டிலினின்று தலையுயர்த்திக் கேட்ட அவள் முகத்தைக் கண்டு, காவலர் தம்மையறியாமல் எழுந்து, அரிவாள் சாத்தியிருந்த வாயிற்படி வரை சென்றார்.

"போகாதீங்க, இங்கேயே உக்காருங்க. எனக்குச் சத்தம் கேட்டா போதும்."

அவர் திரும்பி வந்து அவளருகே அமர்ந்தார். சாளரத்துக்கு வெளியே, அரிந்த இடத்தில் இளநாணல் முளைத்து, அவள் கண்டு மகிழ்ந்த அந்த வழியை நாளும் சிறிது சிறிதாய் மூடிக்கொண்டிருந்தது. அம்மறைவுக்கு அப்பால், அவர்கள் ஒருநாளும் காணப்போகாத குஞ்சுகள் கூட்டில் கண்விழித்தன.