பெஞ்சில் அடித்த மணி

ஆங்கிலத்தைக் கண்டுபிடித்தவன் மட்டும் அந்த வருஷம் என் கையில் கிடைத்திருந்தால் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட் குழியில் பிடித்துத் தள்ளியிருப்பேன். 1964. நர்ஸ் பயிற்சிக்கு நுழைவுத் தேர்வு. இருபது வாக்கியம் கொடுப்பார்களாம். ஒவ்வொன்றையும் நாலு துண்டாக்கி எண் போட்டிருப்பார்களாம். எந்தத் துண்டில் பிழை என்று கண்டுபிடித்து அந்த எண்ணை எழுத வேண்டும். தேறினால் ஹாஸ்டல், வெள்ளை உடுப்பு. தேறாவிட்டால் பூதிகோட்டையில் மாமன் சீனிவாசனும் அவனுடைய ஆறு எருமைகளும். தை மாதம் கல்யாணம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஐடா. என்னோடு படித்தவள், அதே பரீட்சை எழுதப்போகிறவள், சுரங்க ஆபீஸ் கிளார்க் மகள். அவளுக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு. ஆனால் விளக்கத்தான் வராது.

"இது ஏண்டி தப்பு?"

"காதுக்கு நல்லா இல்ல, சம்பங்கி."

"உன் காதுக்கு நல்லா இல்லன்னா எனக்கு இன்னா தெரியும்? என் காது ஷிஃப்ட் சங்கு கேட்டு வளந்த காது!"

புத்தகத்தை விட்டெறிவேன். பொறுமையாக எடுத்துக் கொடுப்பாள். இரண்டு பையன்களைப் பற்றிய ஒரு வாக்கியத்தை நாலு தடவை தப்பாகப் போட்டேன். அவள் தலையில் குட்டின குட்டில், அதன் விடை நாலாவது துண்டு என்பதைச் செத்தாலும் மறக்க மாட்டேன்.

ஹாஸ்டலில் தனியாகப் படுக்க ஐடாவுக்குப் பயம். நானும் வந்தே ஆக வேண்டும். அதனால் நான் சொன்ன திருட்டு யோசனைக்கு ஒத்துக்கொண்டாள். சுரங்கத்தில் ஆள் இறக்கும் கேஜுக்கு அடிக்கிற மணி மாதிரி பென்சிலால் பெஞ்சில் தட்ட வேண்டும். விடை மூன்று என்றால் மூன்று தட்டு.

பரீட்சை கோலாரில். ஹால் நிறையப் பெண்கள், முக்கால்வாசி எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள். எனக்கு முன்னால் ஐடா, பின்னால் பக்கத்து வீட்டு ஜெயம்மா. முதல் கேள்விக்கு ஐடா மூன்று தட்டினாள். டக், டக், டக்.

என் கை தானாகவே மூன்று திருப்பித் தட்டியது!

அப்பா சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்கும் என்ஜின் டிரைவர். கீழே இருந்து எத்தனை மணி வருகிறதோ அத்தனையைத் திருப்பி அடித்த பிறகுதான் கேஜை நகர்த்துவார். எங்கள் வீட்டில் அம்மா கதவை இரண்டு தட்டினால் நாங்களும் உள்ளே இருந்து இரண்டு தட்டுவோம். அப்படி ஊறிப்போன பழக்கம். நான் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் பின்னால் ஜெயம்மா மூன்று தட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. அப்புறம் ஹால் முழுக்க டக், டக், டக்.

மேற்பார்வைக்கு நின்ற கோலார்க்கார அம்மா அண்ணாந்து பார்த்து, "இலி, இலி" என்று கன்னடத்தில் எலியைத் திட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் குட்டு வாங்கியவள் நான், விடை ஊருக்கெல்லாமா? எல்லாருக்கும் ஒரே மார்க் வந்தால் என்னை யார் எடுப்பார்கள்? எருமைகள் கண் முன்னால் வந்து நின்றன.

ஆறு கேள்வி இப்படிப் போனது. ஏழாவது, அதே இரண்டு பையன்கள். ஐடா இரண்டு தட்டினாள்.

இரண்டா? அடிப்பாவி, நாலு என்று குட்டினவளே நீதானே! முன்னால் பார்த்தேன். அவள் கழுத்து சிவந்திருந்தது. சிரிப்பை அடக்கும்போது அவளுக்கு அப்படித்தான் ஆகும். புரிந்துவிட்டது, மற்றவர்களை ஏமாற்ற வேண்டுமென்றே பொய் மணி அடிக்கிறாள். ஆபீஸ்காரர் மகளுக்கு மணி வெறும் சத்தம்தான். எங்கள் வீட்டில் தப்பு மணி அடித்தால் ஆள் சாவான்.

ஆனாலும் ஓங்கி இரண்டு திருப்பித் தட்டினேன். தாளில் நாலு என்று எழுதினேன். ஹால் முழுக்க இரண்டு தட்டியது.

கடைசிவரை ஐடா பொய் மணி அடித்தாள். நானும் சளைக்காமல் திருப்பித் தட்டிவிட்டு, என் காதுக்குப் பட்டதை எழுதினேன்.

எங்கள் ஊரிலிருந்து இரண்டே பேர் தேறினோம். நானும் ஐடாவும். அப்பா தெருவெல்லாம் பொரிகடலை கொடுத்தார். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஜெயம்மா வந்தாள்.

"ஏழாவது நாலுதான்னு எனக்கும் தெரியும்டி" என்றாள்.

"அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டுன்னு எழுதின?"

"ஐடா அடிச்சப்போ நான் நம்பல. நீ திருப்பி அடிச்சியே! டிரைவர் பொண்ணு அடிக்கிற மணியில தப்பு வருமா?"

அவள் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியிலிருந்து கேள்விப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி நின்று கேட்டாள்: "அடுத்த வருசமும் யாராச்சும் மணி அடிப்பாங்க இல்ல?"